மூன்று புள்ளிகள்

“சீட்டைக் கழட்டியாச்சு. தரைவிரிப்பையும் எடுத்தாச்சு. மிச்சம் இருக்கறது அடித்தகடுதான். இன்னிக்காவது வந்து ஒரு பார்வை பாருங்கப்பா.”

பெரியவள் இதைச் சொன்னபோது காலை ஏழு மணி. வாயில் கொண்டை ஊசி, ஒரு காலில் செருப்பு. இன்னொரு செருப்பைக் கட்டிலுக்கடியில் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையைத் திறந்தாக வேண்டும்.

அப்பா டீ டம்ளருக்குள் எதையோ தொலைத்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு இழுக்குதும்மா. நாளைக்குப் பாக்கறேன்.”

“மூணு வாரமா நாளைக்குன்னுதான் சொல்றீங்க.”

பொய்யில்லை. அந்தக் கார் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, கூரைக்குப் பதிலாக மடக்குகிற துணி, தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிவப்பு உடம்பு. முன்விளக்குகள் பகலெல்லாம் மூடிக்கிடக்கும். விசையை அழுத்தினால் கண் விழிக்கும். அதில் இடது விளக்கு பாதி எழுந்து, மேற்கொண்டு மாட்டேன் என்று நின்றுவிடும். அதனால் தம்பிக்காரன் அதற்கு அரைக்கண்ணி என்று பெயர் வைத்துவிட்டான்.

இருபத்தைந்து வருஷத்து வண்டி. கிட்டத்தட்டப் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. காலேஜ் பையன்கள் ஆசைப்பட வேண்டிய வண்டியை முப்பத்தாறு வயசில், கல்யாணம் ஒன்று முறிந்து அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, இவள் வாங்கியிருக்கிறாள். தனக்கென்று இவள் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பெரிய பொருள் அதுதான். யாராவது கேலி பேசினால் கடித்துக் குதறிவிடுவாள்.

தேடித்தேடி அதையே ஏன் வாங்கினாள் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“கதவுக்குக் கீழ விரலை ஓட்டிப் பாத்தேன்பா. ஒரு மேடு இல்ல, ஒரு பள்ளம் இல்ல. இதுல கை வெச்சவன் யாரோ, அப்படியே உங்கள மாதிரி சுத்தமான வேலைக்காரன். அப்பறம் நான் வேற எதையும் பாக்கவே இல்ல.”

அவள் அதைச் சொன்ன நாளிலிருந்துதான் அப்பாவுக்கு மூச்சு அதிகமாக இழுக்க ஆரம்பித்தது.

அப்பா ஒரு காலத்தில் கார்ப் பட்டறையில் வெல்டர். பட்டறையில் அவரைப் புள்ளிக்காரர் என்பார்கள். வெல்டிங் முடிந்ததும் அதன் கடைசியில் உளியை வைத்துச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டுவார். கணீர் என்று கேட்டால் பற்று உள்ளே இறங்கியிருக்கிறது. சொத்தென்று கேட்டால் அறுத்துவிட்டு மறுபடி போடுவார். அந்த மூன்று தட்டில் விழுந்த மூன்று குழிதான் அவருடைய கையெழுத்து. இந்த வீட்டு வாசல் கேட்டில் அது இருக்கிறது. இரும்புக் கட்டிலில் இருக்கிறது. சின்னவனின் பழைய சைக்கிள் கேரியரில் இருக்கிறது. குழந்தைகள் இரண்டும் அந்தக் குழிகளில் விரல் வைத்து எண்ணப் பழகியவர்கள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று ஊர் கேட்டபோது பதில் சொன்னது அவர் இல்லை, அவர் மனைவி.

“முதலாளி திருட்டு வேலை செய்யச் சொன்னான். இவர் முடியாதுன்னு அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வந்துட்டார்.”

பிள்ளைகள் இரண்டும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தன. சின்னவன் அதைப் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினான். புகுந்த வீட்டில் சண்டை வந்த அன்றைக்குக்கூடப் பெரியவள், “எங்கப்பா யாரு தெரியுமா?” என்றுதான் ஆரம்பித்தாளாம். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கதை மட்டும் போகவில்லை.

“நான் ஒண்ணரைக்கெல்லாம் வந்துருவேன்” என்றாள் பெரியவள், ஒருவழியாகச் செருப்பைக் கண்டுபிடித்து. “தம்பி மூணு மணிக்கு வர்றான். பிரேக் மாத்தியாச்சு, கிளட்ச் மாத்தியாச்சு, தண்ணிக் குழாய் எல்லாம் புதுசு. என்ஜின் எப்படிப் பாடுதுன்னு நேத்தே கேட்டீங்க இல்ல? ஒரு சீட்டை மட்டும் திரும்ப மாட்டிட்டு சாயங்காலம் மொத ரவுண்டு போறேன். பக்கத்துல நீங்க. கீழ பாய் போட்டு உக்கார வெக்கறேன்.”

“நான் எதுக்கும்மா?”

“வேற யார ஏத்துவேன்?”

சொல்லிவிட்டு ஒரு கணம் வாசலில் நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் போல இருந்தது. பிறகு கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

* * *

போர்ட்டிகோவில் அரைக்கண்ணி வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடந்தாள். இருக்கைகள் இரண்டும் சுவரோரம் சாய்ந்திருந்தன. நட்டுகளைப் பெரியவள் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு, எது எங்கே என்று எழுதி ஒட்டியிருந்தாள். அந்த ஒழுங்கும் அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

இரும்புத் தரையின் மேல் கறுப்புத் தார்த்தகடு ஒட்டியிருந்தது. வண்டிக்குள் சத்தம் வராமலிருக்க ஒட்டுவது. நல்ல வண்டியில் அது அங்கங்கே இருக்கும். இதில் இருக்கைக்குப் பின்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே பட்டையாக, இரண்டு மடங்கு கனத்தில் போர்த்தியிருந்தது.

அப்பா குனிந்து அதைப் பார்த்தார். எதை மறைக்க எவ்வளவு தார் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

மண்டியிட்டு உட்கார்ந்து கத்தி நுனியால் ஓரத்தை நெம்பினார். மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தார். தார் சுலபமாகக் கிளம்பி வந்துவிட்டது. பழசாகிப் பசை செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கீழே ஒரு கோடு. வண்டியின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, நூல் பிடித்த மாதிரி ஒரு வெல்டிங். அதன் இடது முனையில், கதவடிச் சட்டத்தின் ஓரமாக, மூன்று புள்ளிகள்.

அப்பா விரல் வைத்து எண்ணினார்.

ஆமாம். இவள் சுத்தமான வேலைக்காரன் என்று சொன்ன அந்த ஆள் இவரேதான். பின்பக்கம் நசுங்கிய வண்டி ஒன்று, முன்பக்கம் நசுங்கிய வண்டி ஒன்று. இரண்டையும் குறுக்கே அறுத்து, நல்ல பாதியோடு நல்ல பாதியைச் சேர்த்து, பட்டி போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து ஒரே வண்டி என்று விற்பது. முதலாளியின் மூளை, இவருடைய கை. அடிவாங்கிய வண்டியென்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. கூரையுள்ள வண்டியிலாவது மேலே நாலு தூண் தாங்கும். இந்த மாதிரித் துணிக்கூரை வண்டியில் அடித்தகடுதான் முதுகெலும்பு. அதைத்தான் அறுத்து ஒட்டினார்கள்.

புள்ளி எதற்கு வைக்கிறாய் என்று முதலாளி கத்தியது உண்டு. திருட்டு வேலையில் யாராவது கையெழுத்துப் போடுவானா? ஆனால் கை கேட்கவில்லை. தட்டிப் பார்க்காமல் ஒரு வெல்டிங்கை விட்டுவிட அவரால் முடியவில்லை. கணீர் என்று சத்தம் வந்தால் மனசுக்குள் ஒரு நிம்மதி. பற்று பிடித்திருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்தே நாலு வருஷம் ஓட்டினார்.

ஒட்டிய பதினொரு வண்டியில் ஒன்று ஒருநாள் பட்டறைக்குத் திரும்பி வந்தது, இரண்டாக. அதில் போன புருஷனும் பெண்டாட்டியும் திரும்பவில்லை. மூன்று புள்ளியும் அப்படியே இருந்தன. வெல்டிங் விடவில்லை. சூடு பட்டுப் பட்டுப் பக்கத்துத் தகடு வெந்து, துருப்பிடித்து, வெல்டிங்கிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கிழிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் முதலாளி அந்த வண்டியை நசுக்கி உருக்க அனுப்பிவிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் தெருவில் யாரோ கேட்டபோது அவள் அந்த முதலாளிக் கதையைச் சொன்னாள். இவர் மறுக்கவில்லை.

போன மாசம் சின்னவன் சொன்னதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. அவன் ரோட்டில் கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கிவரும் லாரி ஓட்டுகிறான். சாப்பிடும்போது எதையும் சொல்லக் கூடாது என்ற விவஸ்தை கிடையாது.

“அக்கா, இன்னிக்கு ஒரு வண்டி, ரொட்டியப் பிச்சுப் போட்ட மாதிரி ரெண்டா கெடந்துச்சு. ஓட்டினது ஒரு டீச்சர். உசுரு இருக்கு, ஆனா இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லையாம்.”

அப்பா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பாவம், இளகின மனசு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

* * *

மணி பத்தேகாலுக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நல்ல முடிவு என்று நான் சொல்ல மாட்டேன்.

வண்டி ஓடக் கூடாது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பெரியவளிடம் கோட்டைக் காட்டி, இது ஒட்டுப்போட்ட வண்டி, ஏறினால் எமன்தான் என்று சொல்லிவிட வேண்டும். அவள் அழுவாள், விற்றவனைத் திட்டுவாள், வண்டி இரும்புக் கடைக்குப் போய்விடும். அவள் உயிர் பிழைக்கும். அந்த மூன்று புள்ளி இல்லாமலிருந்தால் இவருடைய பெயரும் பிழைக்கும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? தனக்குத்தானே நாலு தடவை கேட்டுக்கொண்டார். நாலு தடவையும் யாருக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

உள்ளே போய் இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்து வந்தார். பிளக்கைச் சொருகினார். சக்கரம் சுழன்றதும் கை தானாக இடம் தேடிப் போனது. பழகிய கை அல்லவா. முகமூடி போடாமல் குனிந்து, முதல் புள்ளியில் வைத்தார். பொறி பறந்து முழங்கையில் சுட்டது. இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் ஆழம். அன்றைக்குக் கொஞ்சம் பலமாகத் தட்டியிருக்கிறார் போலிருக்கிறது. அழுத்திப் பிடித்துத் தேய்த்தார்.

முடிந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தார். பிறகு பளபளத்த இடத்தில் கறுப்பு ஸ்பிரே அடித்து, காய்ந்ததும் மேலே பழைய தூசியை அள்ளித் தூவினார். பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரும்புத் தூளைக் கூட்டிப் பேப்பரில் மடித்து வெளியே போட்டார். முகம் கழுவினார்.

கண்ணாடியில் பார்த்தபோது புருவத்தில் கொஞ்சம் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. அதையும் துடைத்தார்.

* * *

ஒன்றரைக்கு வருகிறேன் என்றவள் ஒன்றேகாலுக்கே வந்துவிட்டாள். கையில் இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம். உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே போர்ட்டிகோவில் நின்றாள்.

“பாத்தீங்களாப்பா?”

“பாத்தேம்மா. உக்காரு. சொல்றேன்.”

“நின்னுட்டே கேக்கறேன்.”

அப்பா தாரைத் தூக்கிக் கோட்டைக் காட்டினார். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வசனம் தடங்கலில்லாமல் வந்தது.

“இது ஒரு வண்டி இல்லம்மா. ரெண்டு வண்டி. குறுக்க அறுத்து ஒட்டியிருக்காங்க. சும்மா நின்னா நிக்கும். ஒரு அடி பட்டுச்சு, ரெண்டா போயிரும். இதுல நீ ஏறக் கூடாது. தம்பியும் ஏறக் கூடாது. இரும்புக்குப் போட்டுரலாம்.”

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. குனிந்து கோட்டை மட்டும் பார்த்தாள்.

“யாருப்பா இப்படிப் பண்ணியிருப்பாங்க?”

“எவனோ ஒரு பாவி.”

“நல்ல வேலைக்காரனா இருக்கானே. கோடு எவ்வளவு நேரா போகுது பாருங்க.”

“கை நல்லா இருந்து என்ன பிரயோஜனம், புத்தி கெட்டவன்.”

“உங்க காலத்துல இப்படியெல்லாம் செய்யறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கெப்படிம்மா தெரியும்?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தப்பித்துவிட்டோம் என்ற எண்ணம் ஒருவனை எவ்வளவு மந்தமாக்கிவிடுகிறது!

“தெரியாதும்மா” என்றார்.

பெரியவள் பொட்டலங்களைப் படியில் வைத்துவிட்டு, போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சாம்பல் நிறத் தகடு. குறுக்கே கோடு. முனையில் மூன்று புள்ளிகள். பக்கத்தில் அளவுக்காக ஒரு பென்சிலும் வைத்திருந்தாள்.

“நேத்து சாயங்காலமே தாரைக் கிளப்பிட்டேன்பா. பாத்துட்டு, திரும்ப ஒட்டி வெச்சேன். எக்ஸ்ரேல எங்களுக்கு ஒரு பழக்கம். கை வெக்கறதுக்கு முன்னால ஒரு படம். கை வெச்சப்பறம் ஒரு படம்.”

அப்பாவின் கண் தானாகத் தேய்த்த இடத்துக்குப் போனது.

“ராத்திரி பூரா தூங்கல. யாரோ உங்கள மாதிரியே புள்ளி வெச்சிருக்கான்னு நெனைச்சுப் பாத்தேன். கட்டிலுக்கடியில டார்ச் அடிச்சு நம்ம புள்ளியையும் பாத்தேன். அதே இடைவெளி. மூணாவது மட்டும் கொஞ்சம் ஆழம். அதுவும் அதே மாதிரி.” அவள் போனை இறக்கினாள். “காலைல கேட்டிருப்பேன். ஆனா நீங்களா சொல்லணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் தனியா விட்டுட்டுப் போனேன். சொல்லியிருந்தீங்கன்னா கால்ல விழுந்து கும்பிட்டிருப்பேன்பா. நீங்க கிரைண்டர எடுத்திருக்கீங்க.”

“உனக்காகத்தாம்மா...”

“எனக்காகவா?”

அது சப்பைக்கட்டு என்று அவருக்கே தெரிந்தது.

பிறகு, ஏன் சொன்னார் என்று தெரியாமலேயே சொன்னார். “என் வெல்டிங் ஒண்ணுகூட விடலம்மா. அன்னிக்கும் விடல. பக்கத்துத் தகடுதான் கிழிஞ்சுது.”

“என்னிக்கு?”

இனி மென்று விழுங்க ஒன்றுமில்லை. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நாலு வருஷம், பதினொரு வண்டி, இரண்டாக வந்தது, புருஷனும் பெண்டாட்டியும். பெரியவள் எக்ஸ்ரே கவர் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். வெள்ளை நாலு கதவு. பச்சை, பின்னால் பெட்டி வைத்தது. நீல வண்டி, வலது கதவில் கீறல். ஒவ்வொன்றும் அவருக்கு நேற்றுச் செய்தது போல ஞாபகம் இருந்தது. அரைக்கண்ணி ஏழாவது. அப்போது மஞ்சள் நிறமாம்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“கேக்கறேன்ல. அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

அதுவரை கல்லாக நின்றவள் அப்போதுதான் உடைந்தாள். சுவரில் சாய்ந்திருந்த கார் இருக்கையிலேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். அப்பாவின் பொய்யைவிட அம்மாவின் பொய் அவளை அதிகமாக அடித்தது. அம்மாவிடம் போய் ஏன் என்று கேட்க இனி வழியில்லையே.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் படியிலேயே ஆறிக் கிடந்தன.

* * *

மூன்று மணிக்குத் தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. சின்னவன் பாடிக்கொண்டே இறங்கினான். கையில் முன்விளக்கைத் தூக்குகிற ஒரு சின்ன மோட்டார்.

“அக்கா! அரைக்கண்ணிக்கு முழுக்கண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். பழைய வண்டி யார்டுல கழட்டினது...” என்று ஆரம்பித்தவன் இரண்டு முகங்களையும் பார்த்து நின்றான். “யாருக்கு என்ன ஆச்சு?”

பெரியவள் போனை அவனிடம் கொடுத்தாள். கவரைக் கொடுத்தாள். அவன் படித்தான். மறுபடி படித்தான். பிறகு அப்பாவைப் பார்க்காமல் அக்காவை மட்டும் பார்த்தான்.

“இப்ப என்ன செய்யப் போற?”

“இன்னும் ஒம்போது வண்டி எங்கெங்கயோ ஓடிட்டிருக்குடா. இந்தப் புள்ளி ஒண்ணுதான் அடையாளம். படத்தப் போட்டு, உங்க வண்டில இது இருக்கான்னு பாருங்க, இருந்தா ஏறாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லப் போறேன்.”

“பைத்தியமா நீ? போலீஸ் நேரா இங்க வரும். இந்த வயசுல, இந்த மூச்சோட, அப்பாவ உள்ள வெச்சுருவாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“ஏறினவங்களுக்குத் தெரியாதுல்லடா!”

அவள் கத்தியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். சின்னவன் வாங்கி வந்த மோட்டாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அப்பாதான் கேட்டார்.

“போன மாசம் ஒண்ணு ரெண்டா கெடந்துச்சுன்னு சொன்னியே. அது என்ன நிறம்?”

சின்னவன் மோட்டாரைக் கை மாற்றிப் பிடித்தான்.

“நீலமாடா?”

“நீல வண்டி ஊரு பூரா இருக்குப்பா.”

“வலது கதவு?”

“வலது கதவே இல்ல. நசுங்கிப் போச்சு.” அவன் குரல் இறங்கியது. “விட்டுருங்கப்பா. யார்டுல மூடி வெச்சிருக்கு. நாளைக்குக் காலைல நசுக்கற மிஷினுக்குப் போயிரும். யாருக்கும் தெரியப் போறதில்ல.”

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கு முதலாளியும் இதத்தான் சொன்னான்” என்றார்.

சின்னவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அவனைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் இரண்டாவது தடவையாகக் காதில் விழுந்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று தாங்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். எழுந்து உள்ளே போனார். கம்பிப் பிரஷ், பழைய கத்தி, மூச்சுக்கு இழுக்கிற குப்பி, மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். லாரியின் படி உயரம். ஏற முடியாமல் ஒரு நிமிஷம் நின்றார்.

யாரும் கை கொடுக்கவில்லை. பிறகு பெரியவள் வந்து முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

யார்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம். மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். சின்னவன் ரேடியோவைப் போடவில்லை.

தகரச் சுவர் போட்ட பெரிய வெட்டவெளி. நொறுங்கிய வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசி வரிசையில், நசுக்கும் மிஷினுக்குப் பக்கத்திலேயே, பச்சைத் தார்ப்பாய் போட்டு ஏதோ கிடந்தது. சின்னவன் கயிற்றை அவிழ்த்துப் பாயை இழுத்தான்.

முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம். ஓட்டுகிறவர் இருக்கையில் ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இன்னும் செருகியபடி இருந்தது. பக்கத்தில் சிவப்பு மசி பேனா ஒன்று.

பெரியவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா சிரமப்பட்டு மண்டியிட்டார். கிழிந்த தகட்டின் ஓரத்தில் தார் கனமாக ஒட்டியிருந்தது. அதற்கடியில் வெல்டிங் இருப்பது விரலுக்குத் தெரிந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. இடது முனை இன்னும் தாருக்குள் மறைந்துகிடந்தது. கம்பிப் பிரஷைக் கையில் எடுத்தார். தாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

“இங்க வாம்மா” என்றார். திரும்பிப் பார்க்காமலேயே கை நீட்டிக் கூப்பிட்டார்.

“என்னப்பா?”

“மொதல்ல படம் எடுத்துக்க. அப்பறம் கை வெக்கறேன்.”